கறிக்கு ஒரு மீன்

இந்த நாட்டில் காட்டுக்குள் கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கக் கூடாது. கண்ணுக்கெட்டிய தூரம் மரம்தான். காற்றில் ஒடிந்து விழுந்த கொம்புகள் நடக்கிற இடமெல்லாம் காலை இடறும். ஆனால் அடுப்பு மூட்ட வேண்டுமென்றால் முகாம் வாசலில் இருக்கும் பெண்மணியிடம் காசு கொடுத்து விறகைக் கட்டாக வாங்கிக்கொள்ள வேண்டும். விழுந்த கொம்பு மட்கி மண்ணோடு சேர வேண்டும், பூச்சிகளுக்கும் புதுச் செடிகளுக்கும் அதுதான் சாப்பாடு என்று பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். நியாயம்தான். நான் கனடாவுக்கு வந்து ஆறு வருடமாகிறது, இப்படிப்பட்ட நியாயங்களுக்குத் தலையாட்டப் பழகிவிட்டேன். அப்பா வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நாங்கள் காரிலிருந்து சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் இரண்டு கையும் நிறையச் சுள்ளி பொறுக்கி வந்துவிட்டார். மஞ்சள் மேல்சட்டை போட்ட முகாம் பெண்மணி சிரித்துக்கொண்டே வந்து, எடுத்த இடத்திலேயே அதைப் போட்டுவிடும்படி மிகப் பணிவாகச் சொன்னாள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கையைக் காட்டி ஒருவர் 'கீழே போடு' என்பது எவருக்கும் புரியும். போட்டுவிட்டு வந்து என்னிடம், "காட்டையும் பூட்டியா வச்சிருக்கானுவ?" என்று கேட்டார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேம்பிங் சமாச்சாரத்தை விளக்குவது லேசான காரியமில்லை. நல்ல வீடும் மெத்தையும் ஹீட்டரும் உள்ளவர்கள், நாலைந்து மாதம் முன்பே இடம் பதிவு செய்து, காரின் கூரை மேலே மூட்டை கட்டி, மலையேறி வந்து, வெறுந்தரையில் துணிக்கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள். கொசுவிடம் கடி வாங்குகிறார்கள். குழிக் கக்கூஸ் வாசலில் கையில் காகிதச் சுருளோடு வரிசையில் நிற்கிறார்கள். திரும்பி வந்ததும் நன்றாக ஓய்வெடுத்தோம் என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள். மூன்று நாள் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப்போகிறோம் என்று தக்கலையில் இருக்கும் என் மாமியாரிடம் போனில் சொன்னபோது, "ஏன் மக்களே, வீட்டுல வெள்ளையடிக்கியளா?" என்று கவலையாக விசாரித்தார். வேறு என்ன காரணத்துக்கு ஒருவர் வீட்டை விட்டு வெளியே படுப்பார்? எங்களுக்குக் கிடைத்த இடத்துக்கு இருபத்தேழாம் நம்பர். ஒரு கட்டைத் தூணில் நம்பரும், அதன் கீழே எங்கள் பெயரெழுதிய சீட்டும், பெயர்த்தெடுக்க முடியாத மர மேசையும், நெருப்புக்கு ஒரு இரும்பு வளையமும், தின்பண்டம் முதல் பற்பசை வரை வாசமுள்ள எதையும் கரடிக்குத் தெரியாமல் பூட்டி வைக்க ஒரு இரும்புப் பெட்டியும் இருந்தன. இருபதடி தள்ளி ஆறு. பனி உருகி வந்த தண்ணீர், பச்சையும் பாலும் கலந்த நிறம்.

எனக்கு ஓய்வும் வேண்டாம், கொசுவும் வேண்டாம். நான் அந்த இடத்தைப் பதிவு செய்ததற்கு ஒரே காரணம்தான். என் அப்பா என் கணவர் சுயம்புவோடு பேச வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து, ஏழு வருடத்தில், அவர் சுயம்புவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் ஊர் புதுக்கடையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சாலையின் கடைசியில் இருக்கிறது. அதற்கு அப்பால் சாலை கிடையாது, மணலும் தண்ணீரும்தான். கோயில் மணியடித்தால் எழுந்து, மீன் பட்டால் சிரித்து, படாவிட்டால் சண்டை போட்டு வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. சுயம்பு தக்கலைப் பக்கம், அய்யாவழி என்ற சமயத்துக்காரர்கள், அவருடைய அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். நான் நர்சிங் படித்த ஆஸ்பத்திரியில் அவர் லேப் டெக்னீஷியன். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட இருக்காது; ஆனால் எங்கள் தெருவிலிருந்து அந்தப் பக்கம் பெண் கொடுத்ததாகவோ எடுத்ததாகவோ யாருக்கும் ஞாபகமில்லை. பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். அவர் வீட்டில் ஆறு மாதம் முறைத்தார்கள், பிறகு என் மாமியார் என் நெற்றியில் திருநாமத்தை இட்டு அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா முறைக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் என்னோடு எப்போதும்போலப் பேசினார். அவரைப் பொறுத்தவரை எனக்குக் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. மறுவீட்டு விருந்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. விமானம் ஏறும்போது நான் மட்டும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். சுயம்பு கோயில் முக்கில் பைக்கில் சாய்ந்தபடி காத்திருந்தார். ஒரு பேரப்பிள்ளை இருந்தால் அதைச் சாக்கிட்டாவது பேச்சு வந்துவிடும் என்று அம்மா சொல்வாள். எங்களுக்கு அது அமையவில்லை.

அம்மா போன வருடம் தனியாக வந்து மூன்று மாதம் இருந்தாள். மருமகனோடு சந்தைக்குப் போனாள், மருமகனுக்கு மீன் வெட்டக் கற்றுக்கொடுத்தாள், திரும்பிப் போனதும் அப்பாவை நச்சரிக்க ஆரம்பித்தாள். தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம், நான் நகர முடியாது, இந்த வருடம் நீர் போய் வாரும் என்று விரட்டி அனுப்பி வைத்ததே அவள்தான். அப்பா வந்தார். விமான நிலையத்தில் சுயம்பு பெட்டியை வாங்கக் கை நீட்டியபோது மறுக்காமல் கொடுத்தார். அவ்வளவுதான். அதன்பின் மூன்று வாரமும் எல்லாம் என் வழியாகத்தான். டி.வி. சத்தம் அதிகமாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சுயம்புவிடம் சொல்லாமல், அடுக்களையில் நிற்கும் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார். நான் எட்டிப் பார்த்து "சத்தத்தைக் குறைங்க" என்பேன். சுயம்பு ஏற்கெனவே குறைத்திருப்பார். மரியாதைக்குக் குறைவில்லை, சுயம்பு அறைக்குள் வந்தால் அப்பா காலைக் கீழே இறக்கி உட்கார்வார். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மா தினமும் போனில் முதல் கேள்வியாகக் கேட்பாள், "ஏட்டி, பேசினாரா?" இல்லை என்பேன். "நீ நடுவுல நிக்காத, நீ நின்னா உன்னைப் பாத்துதான் பேசுவாரு" என்பாள்.

அதனால்தான் கேம்பிங். வீட்டில் நான்கு அறை இருக்கிறது, ஒளிந்துகொள்ளலாம். கூடாரத்தில் எங்கே ஒளிவது? மூன்று பேர் படுக்கும் ஒற்றைக் கூடாரமாகப் பார்த்து எடுத்து வந்தேன். முதல் நாள் சாயங்காலமே முதுகு வலி என்று சொல்லிவிட்டுக் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டேன். காலையில் சுயம்புவிடம் என்ன நடந்தது என்று ரகசியமாகக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லையாம். அப்பா துணிச்சுவரைப் பார்த்தும், இவர் எதிர்ச் சுவரைப் பார்த்தும் படுத்திருந்தார்களாம். நடுவில் என் தலையணை இருந்ததாம். "உங்கப்பா ஒரு தடவை இருமினாரு, நான் தண்ணி வேணுமான்னு கேட்டேன், தூங்கிட்டாரு" என்றார் சுயம்பு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா காலையிலிருந்தே ஆற்றங்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். மேலே கம்பளிச் சட்டை, கீழே சாரம். அந்த ஆற்றில் இறங்கிக் குளிக்க முடியாது, கால் வைத்தால் எலும்பு வலிக்கும் என்று சொல்லி வைத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல், ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து ஒரு அலுமினியப் படகு வந்து கரை ஒதுங்கியது. உள்ளே ஒரு பெரியவர், அப்பா வயதுதான் இருக்கும், எழுபதுக்குப் பக்கம். எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி இருபத்தொன்பதாம் நம்பரில் தனியாகத் தங்கியிருந்தார். பெயர் கோர்டன் என்று பிறகு தெரிந்தது. அவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கி, முன்னால் கயிற்றைப் பிடித்துக் கூழாங்கல் மேலே படகை இழுக்கப் பார்த்தார். படகு வரவில்லை. நான் மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு இதைப் பார்த்தேன். அப்பா எழுந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவில்லை. சாரத்தைத் தார்பாய்ச்சிக் கட்டி, அந்தப் பனித்தண்ணீரில் தொடை வரை இறங்கி, படகின் பின்பக்கம் தோளைக் கொடுத்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, எங்கள் ஊரில் படகு ஏற்றும்போது போடுகிற அந்த நீட்டல் சத்தம். மூன்றாவது நீட்டலில் படகு கரைக்கு வந்துவிட்டது. கோர்டன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, தோளில் தட்டி, நாலைந்து தடவை நன்றி சொல்லிவிட்டு, தன் வண்டியை எடுத்து வர மேலே நடந்தார். எனக்கு ஒரே பெருமை. பார், மனிதர்களுக்குள் மொழியா முக்கியம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி வெங்காயத்துக்குத் திரும்பினேன். அந்த நேரத்தில் அப்பா என்ன செய்தார் என்பதை நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு மீனைச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்கியபடி மேலே வந்தார். ட்ரவுட், ஒரு சாண் இருக்கும், முதுகில் கரும்புள்ளிகள். முகத்தில் நான் மூன்று வாரமாகக் காணாத ஒரு வெளிச்சம். "கத்தி எடு மக்களே, கறிக்கு ஆச்சு" என்றார். அந்த வெள்ளைக்காரர் கொடுத்தாரா என்று கேட்டேன். "தள்ளிக் குடுத்தேன்லா" என்றார். கொடுத்தார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

கடற்கரையில் வளராதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் கரமடி என்று ஒரு வலை உண்டு. படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்து விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது பேராவது வேண்டும். பங்குக்காரர்கள் பத்துப் பேர்தான் இருப்பார்கள். மிச்சம், கரையில் யார் நிற்கிறார்களோ அவர்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் நிற்பவர்கள், வேலையில்லாதவர்கள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிற வெளியூர்க்காரர்கள். கயிற்றைத் தொட்டவனுக்கும் படகைத் தள்ளியவனுக்கும் கறிக்கு மீன் உண்டு. யாரும் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. மடி கரையேறியதும் குவியலிலிருந்து அவரவர் வீட்டுக் கறிக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதில் ஒரே ஒரு ஒழுங்கு, பெரிய மீனில் கை வைக்கக் கூடாது. அது பங்குக்காரனுக்கு உரியது. இழுத்துவிட்டு எடுக்காமல் போனால்தான் தப்பு. உன் மீன் எனக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்பாவின் கரமடியில் அப்படி எத்தனையோ பேர் எடுத்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இத்தனையும் தெரிந்த எனக்கு அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அப்பா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது கோர்டன் வந்தார். கூடவே மஞ்சள் சட்டைப் பெண்மணி. கோர்டன் கோபமாக இல்லை, கோபத்தை அடக்கிய ஒரு தயக்கத்தோடு இருந்தார். வாளியில் மூன்று மீன் இருந்தது, இப்போது இரண்டுதான் இருக்கிறது, உங்கள் அப்பா எடுத்ததை எதிர்க்கரையில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்றார். இங்கே ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான் பிடிக்கலாம் என்று கணக்கு உண்டு. அவர் நாள் முழுதும் நின்று பிடித்தது அந்த மூன்றுதான். உதவி செய்துவிட்டு, நான் திரும்பிய நேரத்தில் திருடுவார் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். திருடு என்ற சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். மேசையில் செதில் சிதறிக் கிடந்தது.

எனக்கு மானம் போய்விட்டது. அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று ஆறேழு தடவை சொன்னேன். அவர் வயதானவர், படிக்காதவர், இந்த ஊர் விதிகள் ஒன்றும் தெரியாது, நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், என் தவறு என்றேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரர்கள் இப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "கேக்காம எடுத்தியளா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவருக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. "கேக்கதா? தள்ளினவனுக்கு உள்ளதுல்லா மக்களே. சின்னதுதான் எடுத்தேன்" என்றார். இதற்குப் பெயர் இங்கே திருட்டு, அந்த ஆள் அதற்குத்தான் வந்து நிற்கிறார் என்று சொன்னேன். அப்பா கத்தியைக் கீழே வைத்தார். பாதி செதில் எடுத்த மீனைத் தண்ணீரில் அலசி, கோர்டனின் கையில் கொண்டு வைத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் ஆற்றங்கரைக்கு இறங்கிப் போனார். நனைந்த சாரம் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அப்படிக் குனிந்து நடந்து நான் பார்த்ததே இல்லை.

இவ்வளவு நேரமும் கூடாரத்துக்குப் பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்த சுயம்பு அப்போது முன்னால் வந்தார். அவர் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. கோர்டனிடம், ஐயா, அவர் திருடவில்லை, அவர் ஊரில் படகைத் தொட்டு இழுத்தவருக்கு மீனில் உரிமை உண்டு, உங்கள் வாளியில் இருந்ததிலேயே சின்னதைத்தான் எடுத்திருக்கிறார், பாருங்கள் என்றார். கோர்டன் கையிலிருந்த மீனைப் பார்த்தார். சுயம்பு தொடர்ந்து பேசினார். அவர் ஆங்கிலம் என்னுடையதைவிடக் கொஞ்சம் மட்டுதான், ஆனால் அன்றைக்குத் தடங்கல் இல்லாமல் வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே ஒரு நாள் அவர் வலையை இழுத்திருக்கிறேன் என்றார். இவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கலாம் என்று விடியற்காலையில் பைக்கில் அந்த ஊருக்குப் போனேன். கேட்கத் தைரியம் இல்லாமல் கரையில் நின்றேன். சும்மா நிற்காமல் கயிற்றைப் பிடி என்று யாரோ சத்தம் போட்டார்கள். ஒரு மணி நேரம் இழுத்தேன், இரண்டு கையும் கொப்பளித்துவிட்டது. எனக்கு அந்த ஊர் வழக்கம் தெரியாது, இழுத்து முடித்ததும் மீன் எடுக்காமல் நடந்தேன். இதோ ஆற்றங்கரைக்கு இறங்கிப் போகிறாரே, அந்த மனிதர்தான் என்னைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு பையில் மத்தி மீனை அள்ளிப்போட்டு, அம்மாவிடம் கொடுத்துக் கறி வைக்கச் சொல் என்றார். நான் யார், எந்த ஊர், என்ன ஜாதி, ஒன்றும் கேட்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு சுயம்பு நிறுத்தினார். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னதில்லை. ஏன் என்று பிறகு கேட்டபோது, பயந்து திரும்பி வந்த கதையைப் பெண்டாட்டியிடம் யார் சொல்வார்கள் என்றார்.

கோர்டன் தாடியைத் தடவினார். எனக்கு அது தெரியாதே என்றார். தெரிந்திருக்க வழியில்லை என்றார் சுயம்பு. மஞ்சள் சட்டைப் பெண்மணிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் குறிப்பேட்டை மூடிவிட்டாள். மீனைத் திரும்ப வைத்துக்கொள்ளும்படி கோர்டன் சொன்னார். சுயம்பு வேண்டாம் என்றார். இப்போது கொடுத்தால் மாமா வாங்கமாட்டார், அதுவும் ஒரு வழக்கம்தான் என்றார். இருவரும் போனார்கள்.

நான் ஆற்றங்கரைக்குப் போனேன். அப்பா அதே கல்லில் இருந்தார். கால் நீலம் பாரித்திருந்தது. துவாலையை எடுத்துக் காலைத் துடைக்கப் போனேன், இழுத்துக்கொண்டார். "டிக்கெட்டை மாத்து மக்களே. நான் ஊருக்குப் போறேன்" என்றார். கோபமில்லாத குரல். கடலில் ஐம்பது வருடம் கிடந்தவன், ஒருவனும் ஒரு நாளும் என்னைக் கள்ளன் என்று சொன்னதில்லை, நீ சொல்லும்படி ஆகிவிட்டதே என்றார். அந்த வெள்ளைக்காரர் சொன்னதல்ல அவருக்கு வலித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு விதி தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேனே, விதி தெரிந்த மனிதர் அவர்தான்; நான்தான் ஆறு வருடத்தில் என் ஊர் விதியைத் தொலைத்துவிட்டு நின்றேன். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். பிறகு சுயம்பு கோர்டனிடம் சொன்ன கதையை ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். கை கொப்பளித்தது, மீனை அள்ளிப்போட்டது, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னது, யாரென்று கேட்காதது. சுயம்பு சொன்னபடியே மத்தி என்றேன், எங்கள் ஊரில் அதற்குச் சாளை என்று பெயர், அப்பா திருத்தினார்.

அப்பாவுக்கு அது ஞாபகம் வரவில்லை. வரும் என்று நான் ஆசைப்பட்டேன், நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார், வரவில்லை. "எத்தனையோ பேரு இழுத்திருக்கான். முகத்தைப் பாத்தா குடுக்கோம்?" என்றார். நான் எழுந்து போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "கை பொள்ளியிருக்குமே" என்றார், தனக்குள்ளே. சாயங்காலம் சோறும் முட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். டிக்கெட்டைப் பற்றி மறுபடி பேசவில்லை, ஆனால் விட்டுவிட்டார் என்றும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த மலையில் போனுக்கு டவர் கிடையாது. அம்மா கேட்காததால் நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் தேயிலை, எங்கள் ஊர்ப் பேச்சில் டீ, குடித்துக்கொண்டிருந்தோம். கோர்டன் வந்து எங்கள் தூணுக்கு அந்தப் பக்கமே நின்றார். உள்ளே வரலாமா என்று கையால் கேட்டார், நான் தலையசைத்தேன். அவர் என்னிடமும் பேசவில்லை, சுயம்புவிடமும் பேசவில்லை. நேரே அப்பா முன்னால் வந்து, ஆற்றைக் காட்டி, இரண்டு கையாலும் தள்ளுவதுபோலச் செய்து காட்டினார். பிறகு தன் முதுகைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தார். படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும், தனியாக முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நேற்று அந்தப் படகைக் காலையில் அவர் தனியாகத்தான் இறக்கியிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா தேயிலையைக் குடித்து முடித்தார், அவசரப்படவில்லை. டம்ளரை மேசையில் வைத்தார். எழுந்து சாரத்தை இறுக்கினார். நாலடி நடந்தவர், நின்று, திரும்பி, என் தலைக்கு மேலே சுயம்புவைப் பார்த்தார்.

"மருமவனே, வாரும். ஒத்தையில நகராது."

சுயம்பு எழுந்த வேகத்தில் தேயிலை மேசையெல்லாம் கொட்டியது. நான் துடைக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழே மூன்று பேரும் படகைச் சுற்றி நின்றார்கள். அப்பா சுயம்புவின் கையைப் பிடித்துப் படகில் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று மாற்றி வைத்தார். அந்த நீட்டல் சத்தத்தை அவர் எழுப்ப, கடைசிச் சொல்லை சுயம்பு சேர்ந்து சொன்னார். கோர்டன் அர்த்தம் தெரியாமல் ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டார். படகு இறங்கியது. தண்ணீர் பட்டதும் சுயம்பு துள்ளிக் குதித்தார், அப்பா சிரித்தார். கரைக்கு வந்து, இப்படித் துள்ளுகிறவர் எங்கள் ஊரில் எப்படி ஒரு மணி நேரம் கயிறு பிடித்தீர் என்று கேட்டார். கடல் இவ்வளவு குளிராது மாமா என்றார் சுயம்பு. பிறகு அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அம்மா சொன்னபடி நான் நடுவில் போய் நிற்கவில்லை. நனைந்த விறகை ஊதிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

மத்தியானம் படகு திரும்பி வந்தபோது மூவரும் சேர்ந்து கரையேற்றினார்கள். நானும் இறங்கிப் போனேன், பார்க்க வேண்டும் என்று ஆசை. கோர்டன் வாளியைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, வேண்டுமென்றே இரண்டடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்று மலையைப் பார்த்தார். உள்ளே மூன்று மீன். இரண்டு பெரியது, ஒன்று நடுத்தரம். அப்பா குனிந்து பார்த்தார், அதிலும் சின்னதை எடுத்தார். கோர்டன் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாவும் தலையசைத்தார். எங்கள் ஊர்க் கரையில் இரண்டு பங்குக்காரர்கள் இதைவிட அதிகம் பேசியிருக்கமாட்டார்கள்.

அப்பா அந்த மீனை எடுத்து வந்து என்னைத் தாண்டிப் போய் சுயம்புவின் கையில் கொடுத்தார். "பிடியும். நம்ம வீட்டுக்குக் கொண்டு போவும், நானே கறி வைக்கேன்" என்றார்.

நம்ம வீடு என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கடற்கரை வீடுதான். நீலச் சன்னல், வாசலில் உப்புக்காற்றில் துருப்பிடித்த கிரில் கதவு, ஏழு வருடமாக சுயம்பு நுழையாத அடுக்களை. அடுத்தபடியாக, நான் எழுந்து வேலைக்குப் போகிற, பனிக்காலத்தில் மண்வெட்டியால் பாதை வெட்டி வெளியேறுகிற இந்த ஊர் வீடு. சுயம்புவும் இரண்டில் எது என்று தெரியாமல்தான் மீனோடு நின்றார் என்று நினைக்கிறேன். அப்பா மேட்டைப் பார்த்துக் கையை நீட்டினார். இருபத்தேழாம் நம்பர் தூணுக்குப் பக்கத்தில் காற்றில் உப்பிக்கொண்டு நின்றது எங்கள் கூடாரம். நாங்கள் மூன்று பேரும் அதை நோக்கி ஏறினோம். மறுநாள் காலை பதினொரு மணிக்குள் அதைப் பிரித்து மடித்து, தரையைப் பெருக்கி, இடத்தை ஒப்படைத்துவிட வேண்டும்.